ஓஎல்இடி-யா, எல்சிடி-யா... உங்கள் வீட்டு ஹாலுக்கு எது சரி?

32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்திருந்தது. ஏற்றுமதியை நம்பியிருக்கும் ஆம்பூர், வேலூர் தோல் தொழிலாளர் வீடுகளில் பெரிய டிவி ஆசையும் சம்பளக் கவலையும் ஒன்றாகவே வந்தன.

எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்; அதனால் கறுப்பு லேசாகச் சாம்பல் நிறத்தில் தெரியும். ஓஎல்இடி-யில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். இருட்டறையில் சினிமா பார்த்தால் அசத்தும்.

ஆனால் காலைச் செய்தி முதல் இரவு சீரியல் வரை ஒரே சேனல் ஓடும் வீட்டில், அசையாத லோகோ ஓஎல்இடி திரையில் நாளடைவில் தடமாகப் பதியலாம். வெயில் விழும் ஹாலில் அந்தக் கறுப்பின் அழகும் எடுபடாது.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள்: 'க்யூஎல்இடி' என்பது ஓஎல்இடி அல்ல, எல்சிடி வகைதான்.

விளக்கணைத்து சினிமா பார்ப்பவர்களுக்கு, கடனில்லாமல் முடிந்தால், ஓஎல்இடி. பகலெல்லாம் டிவி ஓடும் வீட்டுக்கு எல்சிடி போதும். மிச்சப்படும் பணம், வேலை குறையும் மாதத்தில் கைகொடுக்கும்.