பை நிறையுமே என்று பட்டினி கிடக்கலாமா?



சென்ற ரமழானில் என் மூத்த ராத்தா அஸருக்கு வுழூச் செய்யப் போன இடத்தில் கிணற்றடியில் மயங்கி விழுந்து விட்டார். ஸஹருக்கு எழும்பி வீட்டார் எல்லோருக்கும் சோறு பரிமாறியவர், தான் மட்டும் இரண்டு மிடறு தண்ணீரோடு நிறுத்திக் கொண்டிருக்கிறார். காரணத்தை மருமகளிடம் கூடச் சொல்லவில்லை. குடலில் சத்திரசிகிச்சை செய்து வயிற்றில் பை கட்டி அப்போது எட்டு மாதம். “சாப்பிட்டாப் பை நிறையும், நிறைஞ்சாத் தொழுகைக்கு இடைஞ்சல், தம்பி” என்றார். இருபது வருடமாக மத்ரஸாவில் சுத்தத்தின் பாடம் நடத்தும் நான், என் கூடப்பிறந்தவர் எப்படித் தொழுகிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இலியோஸ்டொமி என்பது சிறுகுடலின் கடைப் பகுதியை வயிற்றின் மேல், பெரும்பாலும் வலப்பக்கத்தில், ஒரு சிறு வாயாக வெளியே எடுத்து வைப்பது. நீரையும் உப்பையும் உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. மலம் அந்த வழியே போகாததால் அந்த நீரும் உப்பும் பைக்குள் வந்து விடுகின்றன. ஆரம்பத்தில் நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கு மேலும் போகும். நாட்பட சிறுகுடல் ஓரளவு பழகிக் கொண்டு, 500 முதல் 800 மில்லி லீற்றர் வரை கூழ் பதத்தில் நிற்கும். 1500ஐத் தாண்டித் தண்ணீராகவே போனால் அது அதிகம். வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பட்டினி கிடந்தாலும் பை வெறுமையாகாது. குடல் தன் நீரைச் சுரந்து கொண்டேயிருக்கும். வெறும் வயிற்றில் காற்றும் தண்ணீருமாக வரும். ராத்தாவுக்கு நடந்ததும் அதுதான். சிறிது சிறிதாக, நேரம் தவறாமல் உண்பதே வழி.

இளகிப் போகும் நாளில் குழைந்த சோறு, சவ்வரிசிக் கஞ்சி, நன்கு பழுத்த வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு ஆகியவை இறுகச் செய்யும். சீனி அதிகமான குளிர்பானம், பழரசம், பெருநாள் வட்டிலப்பம், காரக் கறி, பொரியல் எல்லாம் இளக்கும். வட்டிலப்பத்தை அடியோடு விடச் சொல்லவில்லை, ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள் என்கிறேன். வெளிநாட்டுக் கையேடுகள் சிலவற்றில் மார்ஷ்மெலோ என்ற இனிப்பு இறுக்கும் என்று எழுதியிருப்பார்கள். அதில் சேரும் ஜெலட்டின் பல இடங்களில் பன்றியிலிருந்து எடுக்கப்படுவது. நமக்குச் சவ்வரிசி இருக்கும்போது அது எதற்கு? பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் பையில் சிவப்பைக் கண்டு இரத்தம் என்று பதறவும் வேண்டாம்.

தாகம் எடுத்தால் நாம் வெறும் தண்ணீரையோ பிளேன்டீயையோ தான் எடுப்போம். ஆனால் அதிகமாகப் போகும் நாளில் வெறும் நீரைக் குடம் குடமாகக் குடித்தால், அது குடலிலிருந்து உப்பையும் இழுத்துக் கொண்டு வெளியேறி, போக்கை இன்னும் கூட்டும். இளநீரிலும் உடம்பு இழந்த உப்பு போதியளவு இல்லை. ஜீவனிப் பொதியைக் கரைத்து மெல்ல மெல்லக் குடிப்பதே சரி. கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் தேக்கரண்டியால் தட்டையாக ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கரைக்கலாம். பிரஷர், சிறுநீரக வருத்தம், சீனி வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக் கொள்ளட்டும். நமது வாவிக்கரையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையிலும் உப்புப் போவதால் கூடுதல் கவனம் வேண்டும். நா வறள்தல், சிறுநீர் குறைந்து கறுத்தல், தலைச்சுற்று, காலில் குரக்கை, இவற்றைக் கண்டால் தாமதிக்காதீர்கள்.

இதற்கு மாறானதும் உண்டு. சோளம், கச்சான், மரமுந்திரிகை, தேங்காய்ப்பூ, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு முதலியவை மெல்லப்படாமல் போனால் குடல்வாயை அடைத்து விடும். சில மணி நேரம் ஒன்றும் வராமல் வயிறு முறுக்கி வாந்தியும் எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதே வழி. பேதி மருந்து கொடுப்பது ஆபத்து. மாத்திரை எதுவும் முழுதாகப் பைக்குள் வந்து விழுந்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இனி வுழூ. இவ்வழியால் ஓயாது வெளியாகிறவர் தொடர் தொடக்குடையவரின் சட்டத்தில் அடங்குவார். வக்து வந்தபின் பையை வெறுமையாக்கி, வெளிப்புறத்தைச் சுத்தம் செய்து, வுழூ எடுத்துத் தாமதமின்றித் தொழ வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ழுக்கும் ஒரு வுழூ. அதைக் கொண்டு ஸுன்னத்துகள் எத்தனையும் தொழலாம். தொழுகையின் நடுவே பைக்குள் இறங்கினால் தொழுகை முறியாது. ஒவ்வொரு வக்துக்கும் பையைப் பிய்த்தெடுத்தால் தோல் புண்ணாகும். அந்தக் கஷ்டத்தை மார்க்கம் யார் மீதும் சுமத்தவில்லை என்பதே என் கருத்து. ஆனால் தொழுது முடிக்கும் அளவுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் வழக்கமாக ஒன்று இருந்தால், அந்நேரத்தில்தான் தொழ வேண்டும். பலருக்குச் சாப்பிட்டபின் கூடுதலாகவும் சாப்பாட்டுக்கு முன் குறைவாகவும் வரும். ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள், உங்கள் குடலின் நேரசூசி தெரிந்து விடும்.

நோன்பை வைத்தியர் தடுத்தால் விட்டு விடுங்கள். குடல் திரும்ப மூடப்படும் என்ற எதிர்பார்ப்பு இருப்பவர்கள் பின்னர் கழாச் செய்யலாம். குணமாகி நோன்பு நோற்கும் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு நாளுக்கொரு முத்து உணவு பித்யா.

1958இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் வைத்தியர் ரூபர்ட் டர்ன்புல், தான் இலியோஸ்டொமி செய்த நோர்மா கில் என்ற பெண்ணையே மற்ற நோயாளிகளுக்குப் பழக்கும் வேலைக்கு அமர்த்தினார். உலகெங்கும் இன்று இதற்கெனத் தாதிமார் இருப்பதற்கு அவர்தான் தொடக்கம். அனுபவித்தவர் வாயால் கேட்கும்போதுதான் வெட்கம் போகிறது. ராத்தாவிடமும் இப்போது பக்கத்து ஊர்ப் பெண்கள் இருவர் வந்து விசாரித்துப் போகிறார்கள்.

இந்த ரமழானில் ராத்தா நோன்பு வைக்கவில்லை. வைத்தியர் குடலை மூடுவதாகச் சொல்லியிருப்பதால், விட்ட நாட்களைக் கொப்பியில் கோடிட்டு வைத்திருக்கிறார். மஃரிபுக்கு எங்களோடு பாயில் அமர்ந்தவர் என்னைப் பார்த்து, “தம்பி, பள்ளிக் கஞ்சில கிடக்கிற றம்பையையும் கறிவேப்பிலையையும் எடுத்துப் போட்டுட்டு எனக்கு ஒரு கோப்பை தா” என்றார்.