பலகைக்கு வெளியே ஒரு வானம்
2013-இல், தான் வளர்ந்த சென்னையிலேயே நார்வே வீரர் மேக்னஸ் கார்ல்சனிடம் உலக சதுரங்கப் பட்டத்தை இழந்தார் விஸ்வநாதன் ஆனந்த். அடுத்த ஆண்டே, 44 வயதில், உலகப் பட்டத்துக்கு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்று மறுபடியும் கார்ல்சனுக்கு எதிரே போய் அமர்ந்தார். சதுரங்கத்துக்கு வெளியே, வானியலில் அவருக்குத் தீராத ஆசை. ஒரு சிறுகோளுக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் மீண்டெழுந்ததற்கு அந்த ஆசைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், தோற்ற இரவிலும் மனம் போய் நிற்க இன்னோர் இடம் இருப்பது பெரிய பலம். நாமோ பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகளின் பாட்டு வகுப்பை நிறுத்துகிறோம், கிரிக்கெட் மட்டையைப் பரணில் போடுகிறோம். மதிப்பெண் ஒன்றையே அடையாளமாக்கிவிட்டு, அது குறைந்த நாளில் தைரியமாக இரு என்றால், அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு எழும்? வாரத்தில் இரண்டு மாலையாவது அவர்களுக்கே விடுங்கள். மிருதங்கமோ, வாலிபாலோ, மாடித் தோட்டமோ, அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.