பிளஸ் ஒன்னில் சட்டப் பாடம் வேண்டும்

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மாநிலச் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும். பள்ளியை விட்டதும் எட்டிவிடக்கூடிய இந்த வேலைக்கும் படிப்புக்கும் பள்ளி தரும் ஆயத்தம் மிகக் குறைவு. பத்தாம் வகுப்போடு குடிமையியல் நின்றுவிடுகிறது. மேல்நிலையில் அரசியல் அறிவியல் எடுப்பவர்கள் அரசமைப்பைப் படிப்பார்கள்; ஒரு வழக்கு காவல் நிலையத்தில் தொடங்கித் தீர்ப்புவரை எப்படிப் போகிறது என்பதைப் படிப்பதில்லை. சிபிஎஸ்இ மேல்நிலை மாணவர்களுக்குச் சட்டவியல் விருப்பப் பாடமாகவே கிடைக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்திலும் அதைத் தமிழிலேயே தொடங்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை 2021-இல் சட்டப் படிப்புக்கும் நீட்டித்தது நல்ல காரியம். ஆனால் இடம் கொடுத்தவர்கள் ஆயத்தம் கொடுக்கவில்லை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வோ ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. காசு கட்டிப் பயிற்சி மையம் போக முடிந்தவர்களுக்கே அது வசப்படுகிறது.

இந்தப் பாடம் ஏன் தேவை என்பதற்குக் கைதுக் குறிப்பாணை என்ற ஒற்றைத் தாளை எடுத்துக்கொள்வோம். கைதான நாளும் நேரமும் அதில் இருக்க வேண்டும். உறவினரோ அந்த வட்டாரத்தில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயமாக்கியது. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22-ஆவது பிரிவு அதற்கும் முன்பிருந்தே சொல்கிறது. இத்தனை இருந்தும் 2020-இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் சித்திரவதைக்குப் பலியானார்கள். பாடப் புத்தகம் அந்த உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காக்கி போடுவதற்கு முன்பே, கைதானவரின் பக்கத்திலிருந்தும் சட்டத்தைப் படித்த காவலரும், அந்தத் தாளைக் கேட்டு வாங்கத் தெரிந்த உறவினரும் ஒவ்வோர் ஊரிலும் இருந்தாக வேண்டும்.

பதினைந்து வயதில் வேலையைத் தீர்மானிக்கச் சொல்வதா என்று கேட்பார்கள். வணிகவியல் எடுத்த எல்லாரும் ஆடிட்டர் ஆவதில்லை. அந்தப் படிப்பு வீணாகவும் போவதில்லை. கேரளம் 2010-இல் தொடங்கிய மாணவர் காவல் படை போன்ற திட்டம் போதாதா என்பது அடுத்த கேள்வி. அணிவகுப்பும் உடற்பயிற்சியும் ஒழுங்கைத் தரும், சரி. ஆனால் ஓர் உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டதா என்று நிதானிக்கும் பழக்கம், தீர்ப்புகளைப் படித்து இரு தரப்புக்காகவும் வாதாடிப் பார்த்தால்தான் வரும். ஆசிரியர் பற்றாக்குறைதான் மெய்யான சிக்கல். அதனால் மாவட்டத்துக்கு ஓர் அரசுப் பள்ளியில் தொடங்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்களை மதிப்பூதியம் கொடுத்து வகுப்பெடுக்க அழைக்கலாம். குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் மாறிவிட்டதால் புத்தகத்தைப் புதிதாகத்தான் எழுத வேண்டியிருக்கும். அதை எழுதும் குழுவில் காவல் அதிகாரியும் அரசு வழக்கறிஞரும் இருக்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிப் பழகிய வழக்கறிஞர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும்.