கொசுவின் குடலில் மடியும் கிருமி

உளுந்தூர்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, ஓர் அம்மையார் தாழ்ந்த குரலில் நம்மிடம் ஓர் ஐயத்தைக் கேட்டார். அவர் தெருவில் ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி இருக்கிறதாம். அவரைக் கடித்த கொசு தம் பிள்ளையையும் கடித்தால் என்னாகும் என்பதே கவலை. அதனால் அவ்வீட்டுச் சிறுவனோடு தம் மகனை விளையாட விடுவதில்லை என்றும் சொன்னார்.

நகைப்பதற்குரிய கேள்வியன்று இது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மக்கள் கொசுவுக்கு அஞ்சக் கற்றவர்கள். நெல்வயல்களில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசுக்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பிய பகுதி அல்லவா! 2006-இல் சிக்குன்குனியா வேறு வந்து மூட்டுகளை முடக்கிப் போட்டது.

ஆனால் எல்லாக் கிருமிக்கும் கொசு விளைநிலம் ஆவதில்லை. மூளைக்காய்ச்சல் கிருமி, பன்றி, கொக்கு இவற்றின் இரத்தத்தோடு கொசுவின் குடலை அடைந்து, அங்குள்ள உயிரணுக்களில் புகுந்து பெருகி, பின்னர் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்கிறது. இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அதன் பிறகே அக்கொசுவின் கடி ஆபத்தாகிறது.

எச்.ஐ.வி.க்கு இவ்வழி அடைபட்டிருக்கிறது. மனிதரின் வெள்ளணுக்கள் சிலவற்றின் மேற்பரப்பில் 'சி.டி.4' என்றொரு புரதம் உண்டு. அதைப் பற்றிக்கொண்டுதான் இக்கிருமி உள்ளே நுழையும். கொசுவின் உயிரணுக்களில் அப்புரதம் இல்லை. பூட்டே இல்லாத சுவரில் சாவியை எங்கே நுழைப்பது? பெருக வழியற்ற கிருமி, குடித்த இரத்தத்தோடு ஓரிரு நாட்களில் செரித்துப் போகிறது.

வாயில் ஒட்டிய இரத்தம் என்னாவது என்று வாசகர் கேட்கக்கூடும். கொசுவின் உறிஞ்சுகுழலில் உமிழ்நீர் இறங்க ஒரு வழி, இரத்தம் ஏற வேறொரு வழி. முன்பு குடித்ததை அடுத்தவர் உடலில் அது கக்குவதில்லை. ஒட்டியிருக்கும் அற்பத் துளியில் நோய் தருமளவு கிருமியும் இராது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்தனர். அன்று முதல் இன்று வரை, கொசுக்கடியால் இது தொற்றியதாக உலகில் எங்கும் மெய்ப்பிக்கப்படவில்லை. கொசு பரப்புமாயின், ஓயாமல் கடிபடும் பள்ளிப் பிள்ளைகளிடமே இந்நோய் மிகுந்திருக்க வேண்டும், அப்படி இல்லை.

இவ்வளவையும் கேட்ட அம்மையார், "அப்படியானால் அந்தப் பையன் எங்கள் வீட்டுக்கு வரலாமா?" என்றார். தாராளமாக வரலாம் என்றோம். இரவில் இரு பிள்ளைகளுக்குமே கொசுவலை கட்டச் சொன்னோம், மூளைக்காய்ச்சலை எண்ணி.