ஏரிக் கரையை யார் பார்ப்பது? பிரிட்டன் 150 வருஷமாகத் தேடிய பதில்

அணை உடைந்தால் அது செய்தி. உடையாமல் இருந்தால் யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் உடையாமல் இருப்பதற்குப் பின்னால் ஒரு சட்டம், ஒரு பதிவேடு, அதைத் திறந்து பார்க்கும் ஒரு அலுவலர் என ஒரு பெரிய வரிசையே இருக்கிறது. அந்த வரிசையை பிரிட்டன் எப்படி அமைத்தது என்று இந்த வாரம் பார்ப்போம்.

1864 மார்ச் 11. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகருக்கு மேலே, புதிதாகக் கட்டிய டேல் டைக் அணையில் முதல்முறையாகத் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. அன்று நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் மண் கரை உடைந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் உட்பட 240 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மரண விசாரணை நடத்திய ஜூரிகள், இதுபோன்ற கட்டுமானங்களை இனி அரசே ஆய்வு செய்ய வேண்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அதற்கான சட்டம் வர 66 வருஷம் ஆனது.

அதுவும் சும்மா வரவில்லை. 1925-ல் ஸ்காட்லாந்தின் ஸ்கெல்மோர்லியில் ஒரு நீர்த்தேக்கம் உடைந்து 5 பேர் இறந்தார்கள். அதே வருஷம் நவம்பர் 2-ம் தேதி இரவு, வடக்கு வேல்ஸில் எய்காவ் அணையின் அடித்தளத்துக்குக் கீழே தண்ணீர் புகுந்தது. அங்கிருந்து பாய்ந்த வெள்ளம் கீழே இருந்த கோய்ட்டி அணையையும் உடைத்துக்கொண்டு டோல்கரோக் கிராமத்துக்குள் இறங்கியது. பலி 16. அன்று ஊர் மன்றத்தில் சினிமா காட்டியதால் நிறையப் பேர் வீட்டில் இல்லை. இல்லாவிட்டால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

அதன் பிறகுதான் 1930-ல் நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரிய நீர்த்தேக்கங்களைத் தகுதிபெற்ற இன்ஜினீயர்தான் கட்ட வேண்டும், 10 வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். நல்ல விஷயம். ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஆய்வு செய்யாமல் விட்டால் தட்டிக்கேட்க ஆள் இல்லை. எங்கே எத்தனை நீர்த்தேக்கம் இருக்கிறது என்ற முழுக் கணக்கும் யாரிடமும் இல்லை.

கவுன்சில் கைக்கு வந்த பொறுப்பு

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1975-ம் வருஷத்து நீர்த்தேக்கச் சட்டம். தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டருக்கும் அதிகமாகத் தண்ணீர் தேக்கும் எல்லா நீர்த்தேக்கமும் இதில் வரும். நம் கணக்கில் சொன்னால் 2.5 கோடி லிட்டர். 10,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 2,500 லாரித் தண்ணீர். அது ஒரே நேரத்தில் தெருவுக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைக் கண்காணிக்கும் வேலையை அந்தந்தப் பகுதி கவுன்சில்களிடம் கொடுத்தார்கள். கவுன்சில் பதிவேடு வைத்திருக்க வேண்டும். உரிமையாளர் ஆய்வு செய்தாரா, இன்ஜினீயர் சொன்ன ரிப்பேரை முடித்தாரா என்று பார்க்க வேண்டும். செய்யாவிட்டால் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

சட்டம் 1975-லேயே நிறைவேறினாலும், அதன் பிரிவுகள் 1980-களில்தான் படிப்படியாக அமலுக்கு வந்தன. தாமதம் என்று திட்டலாம். ஆனால் கட்டம் கட்டமாகச் செய்வதில் ஒரு நியாயமும் உண்டு. பதிவேடு இல்லாமல் ஆய்வுக்கு ஆள் அனுப்ப முடியாது. தகுதியான இன்ஜினீயர்கள் பட்டியல் இல்லாமல் ஆய்வை நடத்த முடியாது. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. இந்த வேலை சூடுபிடித்த அதே காலத்தில், 1986 ஏப்ரல் 1 அன்று லண்டன் பெருநகர கவுன்சிலையும் ஆறு பெருநகரக் கவுன்டி கவுன்சில்களையும் அரசு கலைத்துவிட்டது. பொறுப்பு அடுத்த நிலையில் இருந்த சிறிய கவுன்சில்களுக்கு இறங்கியது.

சில கவுன்சில்களின் எல்லையில் நீர்த்தேக்கங்கள் ஏராளம். சிலவற்றில் ஒன்றிரண்டுதான். ஒன்றிரண்டுக்காகத் தனி நிபுணரை யார் வேலைக்கு வைப்பார்கள்? இன்னொரு சங்கடமும் இருந்தது. பல கவுன்சில்களே நீர்த்தேக்க உரிமையாளர்கள். அப்போது தன்னைப் பற்றித் தானே மேலிடத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பரீட்சை எழுதியவரே பேப்பர் திருத்துவதுபோல.

கடைசியில் 2004-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தப் பொறுப்பு கவுன்சில்களிடமிருந்து சுற்றுச்சூழல் முகமைக்குப் போனது. ஸ்காட்லாந்தும் 2011-ல் தனிச் சட்டம் போட்டு, 2016-ல் தன் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் ஒப்படைத்தது.

அதோடு முடிந்ததா?

இல்லை. 2007 ஜூன் மாதக் கனமழையில், ராதர்ஹாம் கவுன்சிலுக்குச் சொந்தமான அல்லி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் வழி சேதமாகி, கரை அரிக்கப்பட்டது. கீழே இருந்த மக்களை வெளியேற்றினார்கள், எம்-1 நெடுஞ்சாலையை மூடினார்கள். 2019 ஆகஸ்ட் 1-ல் டாட்ப்ரூக் நீர்த்தேக்கத்தின் உபரிநீர் வழி இடிந்து, வேலி பிரிட்ஜ் ஊரில் சுமார் 1,500 பேர் வீட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ராணுவ ஹெலிகாப்டர் மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொண்டுவந்து கொட்டியது. இத்தனைக்கும் சட்டப்படியான ஆய்வு அதற்கு முந்தைய நவம்பரில்தான் நடந்திருந்தது!

இரண்டு இடத்திலும் ஒரு உயிர்கூடப் போகவில்லை. 1925-க்குப் பிறகு பிரிட்டனில் அணை உடைந்து யாரும் இறக்கவில்லை. சட்டம் ஆபத்தை முழுசாக ஒழிக்காது. ஆபத்து வரும்போது யார் ஓடிவர வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவைக்கும்.

நம் ஊரில்?

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பரில் அமலுக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரையானவற்றில் சில நிபந்தனைகளுக்குள் வருபவையும்தான் அதில் அடங்கும். நம் கிராமத்து ஏரிகளில் பெரும்பாலானவை அந்த உயரத்தைத் தொடாது. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருக்கின்றன. பிரிட்டன் கவுன்சில்கள் திணறிய அதே இடத்தில்தான் அவையும் நிற்கின்றன. நிபுணர் குறைவு, பணம் குறைவு, பொறுப்பு மட்டும் நிறைய.

அதனால் மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஏரி யார் பதிவேட்டில் இருக்கிறது? கரையையும் மதகையும் கலிங்கையும் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள்? அவர்கள் சொன்ன ரிப்பேர் முடிந்ததா? கேள்வியையும் பதிலையும் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மழைக்காலம் வரும் முன் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு காரணமாவது இருக்கும்.