சிரிப்புக்கும் கூலி உண்டு!

"கலைஞனுக்குச் சங்கம் எதற்கு? கலை தெய்வீகமானது அல்லவா? அங்கே கூலிப் பேச்சு வரலாமா?"

இந்த உபதேசம் நமக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. உபதேசிப்பவர் யார் என்று பாருங்கள். டிக்கெட் பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறவர்!

இவருக்குப் பதில் சொல்ல ஒரு விகட நடிகையைச் சாட்சிக்கு அழைக்கிறோம். பெயர் மேரி டிரெஸ்லர். 1868-ல் கனடாவில் கோபர்க் என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஒரு கம்பெனி வாரம் 8 டாலர் என்று பேசியது. அந்தக் கூலி கைக்கு வரவே இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். பாட்டும் ஆட்டமும் கோமாளிக் கூத்தும் கலந்து நடக்கும் வாடவில் மேடைகளில், பருத்த உடலையே கருவியாக்கி அமெரிக்காவைச் சிரிக்க வைத்தார். 1914-ல் சார்லி சாப்ளினோடு சினிமாவிலும் நடித்தார்.

மேடையில் சிரிப்பு. திரைக்குப் பின்னால்? வாரக்கணக்கில் ஒத்திகை, ஒத்திகைக்குக் கூலி கிடையாது. பின்வரிசையில் ஆடும் கோரஸ் பெண்கள் காலுறையும் செருப்பும்கூடச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். நாடகம் படுத்துவிட்டால் நடுத்தெருதான். தறி பழகும் நாளுக்குக் கூலி இல்லை என்றால் நாம் பொறுப்போமா?

அவர்களும் பொறுக்கவில்லை. 1919 ஆகஸ்ட் 7-ல் நியூயார்க் நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கோரஸ் பெண்கள் தனிச் சங்கம் அமைத்தார்கள். அதன் முதல் தலைவர் மேரி டிரெஸ்லர்! முன்வரிசைப் புகழோடு அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. நடிகராகவும் முதலாளியாகவும் இருந்த ஜார்ஜ் கோஹனோ, வேலைநிறுத்தத்தை எதிர்த்த போட்டிச் சங்கத்துக்குத் துணை நின்றார். மேடைத் தொழிலாளர்களும் வாத்தியக்காரர்களும் நடிகர்களோடு கைகோத்தார்கள். கொட்டகைகள் இருண்டன. செப்டம்பர் 6-ல் முதலாளிகள் பணிந்தார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம், வாரத்துக்கு 8 ஆட்டம், அதற்கு மேல் ஆடினால் அதற்கும் கூலி, கூலியில்லா ஒத்திகைக்கு வரம்பு!

அவர் புரட்சிக்காரர் என்று நாம் சொல்லவில்லை. 1918-ல் அமெரிக்க சர்க்காருக்காக ஊர் ஊராகப் போய் யுத்தக் கடன் பத்திரம் விற்றவர்தான். ஆனால் கூலிக்கான போர் வந்தபோது எந்தப் பக்கம் நின்றார் என்பதல்லவா கேள்வி?

1920-களில் அவருக்கு மேடை வாய்ப்பு வற்றியது. பிறகு பேசும் படம் கைகொடுத்தது. 'மின் அண்ட் பில்' (1930) படத்துக்கு ஆஸ்கார் பரிசு பெற்றார். 1934-ல் புற்றுநோயால் மறைந்தார். பணக்காரக் கூட்டத்துக்கு இந்தக் கடைசி அத்தியாயம் மட்டுமே இனிக்கும். "பார், பொறுத்தவள் உயர்ந்தாள்" என்று நமக்குப் பாடம் சொல்லலாமே!

தோழர்களே! ஆஸ்கார் பரிசு ஒருத்திக்குத்தான் கிடைத்தது. வேலைநிறுத்தத்தின் வெற்றியோ, பெயர் தெரியாத பின்வரிசைப் பெண்ணுக்கும் கிடைத்தது. முன்னது அதிர்ஷ்டம், பின்னது சங்கம். எதை நம்புவது என்று நீங்களே சொல்லுங்கள்!