வாரம் ஒரு லினக்ஸ் வேண்டாமே!

லினக்ஸ் போடலாம் என்று முடிவு செய்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது, "எந்த லினக்ஸ் நல்லது?" என்பதுதான். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே, மஞ்சாரோ என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும். சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பதால் என்னிடமும் இதைப் பலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு இத்தனை நேரம் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து. உங்கள் பைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதற்குத்தான் அந்த நேரத்தைச் செலவிட வேண்டும்.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ம் தேதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்கிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் பல இதனால் வெளியே நிற்கின்றன. பழைய கம்ப்யூட்டரை வாங்கி முதன்முதலாகப் பழகுபவர்களுக்கும் இதே நிலைதான். இவர்களில் பலர் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். வரட்டும். ஆனால் வந்த வேகத்தில் வீட்டுப் போட்டோக்களை இழந்துவிடக் கூடாது.

முதலில் இந்த லினக்ஸ்களுக்குள் என்னதான் வித்தியாசம் என்று பார்ப்போம். உள்ளே இருக்கும் கெர்னல் எல்லாவற்றிலும் ஒன்றுதான். 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. ஃபயர்பாக்ஸ், லிபர் ஆபீஸ், வி.எல்.சி. எல்லாவற்றிலும் கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இரண்டு. ஒன்று, எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் தருவார்கள் என்பது. இரண்டாவது, சாஃப்ட்வேர்கள் எவ்வளவு புதிய பதிப்பாக இருக்கும் என்பது. கண்ணுக்குத் தெரியும் மெனு, பேனல், ஐகான் எல்லாம் டெஸ்க்டாப் எனப்படும் தனிப் பகுதியைச் சேர்ந்தவை. அதை மாற்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே மாற்ற வேண்டியதில்லை.

இது தெரியாமல் ஓடுபவர்கள்தான் அதிகம். 2011 ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04 பதிப்பில் யூனிட்டி என்ற புதிய டெஸ்க்டாப்பைக் கொடுத்தார்கள். மெனு எங்கே போயிற்று என்று கோபப்பட்டுப் பலர் வேறு லினக்ஸுக்குப் போனார்கள். 2017 அக்டோபரில் வந்த 17.10ல் உபுண்டுவே யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில், உபுண்டுவிலேயே எக்ஸ்.எஃப்.சி.ஈ. டெஸ்க்டாப்பைப் போட்டுக்கொண்டு லாகின் திரையில் அதைத் தேர்வு செய்தவர்கள் நிம்மதியாக வேலை பார்த்தார்கள். இன்றும் உபுண்டு, டெபியன், மின்ட் எதுவானாலும் சாஃப்ட்வேர் மேனேஜர் மூலம் இன்னொரு டெஸ்க்டாப்பைச் சேர்த்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப லாகின் திரையில் ஒரு க்ளிக் போதும்.

இன்ஜினியரிங் படித்தபோது எங்கள் ஹாஸ்டலில் ஒரு பென் டிரைவ் அறை அறையாகச் சுற்றும். திங்கட்கிழமை ஃபெடோரா, வெள்ளிக்கிழமை மஞ்சாரோ என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். படிக்கும் பையன்களுக்கு அது நல்ல விளையாட்டு. டிஸ்க்கில் இழப்பதற்கும் ஒன்றும் இருக்காது. வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படியல்ல.

அப்படியானால் எதைத்தான் போடுவது? உங்களுக்கு உதவக்கூடியவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதைப் போடுங்கள். அண்ணன் மகனோ, பக்கத்து வீட்டு ஆசிரியரோ டெபியன் வைத்திருந்தால் உங்களுக்கும் டெபியன்தான் நல்ல லினக்ஸ். தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. ஆனால் என் வகுப்பில் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. சிஸ்டத்தில் குறை என்று சொல்ல மாட்டேன். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெரியாததுதான் காரணம்.

உதவ யாரும் இல்லை என்றால், நீண்ட ஆதரவு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டுவில் எல்.டி.எஸ். என்ற பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். அதற்கு ஐந்து ஆண்டுகள் அப்டேட் உண்டு. இடையில் வரும் மற்ற பதிப்புகளுக்கு 9 மாதங்கள்தான். ஃபெடோரா நல்ல சிஸ்டம், புதிய சாஃப்ட்வேர்கள் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு ஏறக்குறைய 13 மாதங்கள்தான். ஆண்டுதோறும் பதிப்பு மாற்றும் பொறுமை புதியவர்களுக்கு இருக்காது. உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. விண்டோஸில் பழகியவர்களுக்கு அதன் மெனுவும் பழக்கமானதாகவே இருக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விருதுநகரில் இருக்கும் என் சித்தப்பாவின் கம்ப்யூட்டர் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் கொண்டது. அதில் மின்ட் போடலாம் என்று உட்கார்ந்தோம். "டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும்லடா?" என்றார். என் தங்கையின் கல்யாணப் போட்டோ முழுவதும் அதில்தான் இருந்தது. "இல்ல சித்தப்பா, சி, டி ரெண்டும் ஒரே டிஸ்க்தான். முதல்ல போட்டோவை வெளியில எடுத்துருவோம்" என்றேன். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்ய அன்று மாலை முழுவதும் ஆனது.

பலரும் சி டிரைவ், டி டிரைவ் என்றால் இரண்டு தனித்தனி டிஸ்க் என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அவை ஒரே டிஸ்க்கின் இரண்டு பார்ட்டிஷன்கள். லினக்ஸை இன்ஸ்டால் செய்யும்போது, டிஸ்க்கை அழித்துவிட்டு இன்ஸ்டால் செய் என்ற வசதி முதலில் கண்ணில் படும். அதைத் தேர்வு செய்தால் இரண்டுமே போய்விடும். பேக்கப் எடுக்காமல் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

பேக்கப் எடுத்த பிறகு, பார்ட்டிஷன்களை நாமே பிரிக்கும் வசதியைத் தேர்வு செய்யுங்கள். சிஸ்டத்துக்கு 50 ஜி.பி. கொடுத்து, மீதி இடத்தை ஹோம் என்ற பார்ட்டிஷனாக அமையுங்கள். உங்கள் டாக்குமென்ட், போட்டோ, பாட்டு எல்லாம் ஹோமில்தான் சேரும். பிறகு எப்போதாவது லினக்ஸை மாற்ற நேர்ந்தால் சிஸ்டம் பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மேட் செய்து, ஹோமுக்கு ஃபார்மேட் டிக் இல்லாமல் விட்டுவிடலாம். பைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இது பேக்கப்புக்கு மாற்று அல்ல. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. புரோகிராம்களின் செட்டிங்குகளும் ஹோமில்தான் மறைந்திருக்கின்றன; புள்ளியில் தொடங்கும் பெயருள்ள போல்டர்கள் அவை. ஃபெடோராவில் புதிய ஃபயர்பாக்ஸைப் பயன்படுத்திவிட்டு டெபியனுக்கு மாறினால் அங்கே சற்றுப் பழைய பதிப்பு இருக்கும். புதிய பதிப்பில் பயன்படுத்திய புரொஃபைலைத் திறக்க முடியாது என்று ஃபயர்பாக்ஸ் சொல்லிவிடும். 2019ல் வந்த 67ம் பதிப்பிலிருந்து இப்படித்தான். புக்மார்க்குகளை முன்கூட்டியே எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். புதிய லினக்ஸில் வேறு யூசர் பெயரைக் கொடுத்து, பழைய போல்டரிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. அப்போது பைல்களைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், அவற்றின் உரிமையைப் புதிய யூசருக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து லைவ் முறையில் ஓடவிட்டு வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றையும் பாருங்கள். தமிழ் டைப்பிங்கையும் மறக்காதீர்கள். என்.எச்.எம். ரைட்டர் விண்டோஸுக்கானது. லினக்ஸில் ஐபஸ், எம்17என் ஆகியவற்றைச் சேர்த்தால் தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெட்டிக் மூன்றும் கிடைக்கும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த கடிதங்கள் இருந்தால் அந்த ஃபான்ட் பைலையும் காப்பி செய்து கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடிதம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். வீட்டில் டேலி கணக்கு எழுதுபவர், பேஜ்மேக்கரில் பத்திரிகை அடிப்பவர் இருந்தால் அவர்களுக்கு நான் லினக்ஸைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த சாஃப்ட்வேர்கள் விண்டோஸை நம்பியவை.

எப்போதுதான் மாற்றுவது? ஆதரவுக் காலம் முடியும்போது. புதிதாக வாங்கிய லேப்டாப்பின் வைஃபையைப் பழைய கெர்னல் அடையாளம் காணாதபோது. கம்ப்யூட்டர் பழையதாகி 32 பிட்டாகவே இருக்கும்போது. டெபியன்கூட 2025 ஆகஸ்டில் வந்த 13ம் பதிப்பில் 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. இணையத்தில் யாரோ போட்ட அழகான டெஸ்க்டாப் படத்தைப் பார்த்து மாற்றத் தோன்றினால், அந்த வால்பேப்பரை மட்டும் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.